பிரெக்ஸிட்டுக்குப் பின் ஒரு பிடியாணை: பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான ஒப்படைப்பு வழக்கைக் கையாள்வது எப்படி

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நம் பத்திரிகைகள் 'நாடு கடத்தல்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்களை எழுதுகின்றன. விசா முடிந்தவரைக் குடிவரவுத் துறை விமானம் ஏற்றி அனுப்புவது ஒன்று. குற்ற வழக்கில் தேடப்படுபவரை ஒரு நாட்டு நீதிமன்றம் இன்னொரு நாட்டிடம் கையளிப்பது மற்றொன்று. இங்கே பேசப்போவது இரண்டாவது. இதை 'ஒப்படைப்பு' என்று மட்டுமே சொல்லுங்கள். பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியில் 'சரண்டர்' என்று இருக்கிறது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் வில்லங்கம்தான். 'கோர்ட்டில் சரண்டர் ஆனார்' என்றால் தானாகப் போய் நின்றார் என்பது நம் வழக்கு. 'சரணடையச் சம்மதமா?' என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டதாகத்தான் எதிரே நிற்பவர் காதில் விழும். 'அந்த நாட்டிடம் உங்களை ஒப்படைக்கச் சம்மதிக்கிறீர்களா?' என்பதே சரியான கேள்வி.

பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இந்த வழக்குகளில் வேலை செய்யும் சட்ட உதவியாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஆலோசனை மையத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கான வழிமுறை இது. பிரெக்ஸிட்டோடு பிடியாணையே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது போகவில்லை. படிவம்கூடப் பழையதைப் போலத்தான் இருக்கிறது. போனவை இரண்டு: எல்லா நாட்டு எல்லையிலும் ஒரே நேரத்தில் மணி அடித்த தகவல் வலை ஒன்று, கேள்வி கேட்காமல் நம்பும் வழக்கம் இன்னொன்று. இன்று வழக்குகள் சிக்குவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

எந்த விதி பொருந்தும் என்று முதலில் பாருங்கள்

வெளியேறிய பிறகும் பழைய விதிகளே தொடர்ந்த பிரிட்டனின் இடைக்காலம் 2020 டிசம்பர் 31, லண்டன் நேரம் இரவு 11 மணிக்கு முடிந்தது. அதற்குமுன் ஆள் கைதாகியிருந்தால் பழைய ஐரோப்பியப் பிடியாணை முறையே கடைசிவரை தொடரும். பிடியாணை பழையதாக இருந்தும் ஆள் பின்னால்தான் பிடிபட்டார் என்றால் புதிய முறை. அதாவது, பார்க்க வேண்டியது பிடியாணை எழுதிய தேதியை அல்ல, கைது செய்த தேதியை. 'எங்கள் பிடியாணை 2019இல் எழுதியது, பழைய விதிதான்' என்ற வாதம் நிற்காது.

புதிய முறை என்பது இரு தரப்பும் செய்த அந்த ஒப்பந்தத்தின், அதாவது வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின், மூன்றாம் பகுதி. 2021 ஜனவரி 1 முதல் தற்காலிகமாகவும், மே 1 முதல் முழுமையாகவும் நடப்பில் உள்ளது. ஒப்படைப்புக்கான விதிகள் 596 முதல் 632 வரை. பிரிட்டன் உள்நாட்டில் 2003ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தின் முதல் பகுதியையே பயன்படுத்துகிறது. 27 உறுப்பு நாடுகளும் அதில் முதல் வகையில் இருக்கின்றன. அயர்லாந்துக்கு இது பொருந்துமா என்று எழுந்த சந்தேகத்தை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 நவம்பரிலேயே தீர்த்துவிட்டது: பொருந்தும்.

சுவிட்சர்லாந்து இந்த ஒப்பந்தத்தில் இல்லை. தமிழர் வழக்குகளில் அடிக்கடி மறக்கப்படும் விஷயம் இது. சூரிச்சில் இருப்பவருக்கும் ஸ்டுட்கார்ட்டில் இருப்பவருக்கும் ஒரே படிவத்தை நிரப்ப முடியாது. சுவிஸுக்கு 1957ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒப்படைப்பு உடன்படிக்கைதான் வழி. ஜிப்ரால்டரும் இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே.

பாஸ்போர்ட்டின் நிறம்

பிரிட்டன் ஒருவரைக் கேட்கிறது என்றால், தாளில் ஒரு வரி எழுதுமுன் அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று உறுதிசெய்யுங்கள். தன் குடிமக்களைக் கொடுக்க மறுக்கும் உரிமையை 603ஆம் விதி தருகிறது. பிரான்ஸ், ஜெர்மனி, போலந்து, கிரீஸ், சுவீடன், பின்லாந்து, குரோஷியா, லாட்வியா, ஸ்லோவாக்கியா, ஸ்லோவேனியா ஆகிய பத்து நாடுகள் கொடுப்பதில்லை என்று அறிவித்தன. ஆஸ்திரியாவும் செக் குடியரசும் அந்த ஆள் சம்மதித்தால் மட்டும் கொடுக்கும். ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில் இந்தத் தடை கிடையாது.

பாரிஸ் அருகே லா கூர்நெவில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு வாழும் ஒருவரைப் பிரான்ஸ் லண்டனிடம் ஒப்படைக்காது. அதே தெருவில், அதே வழக்கில், இலங்கைக் கடவுச்சீட்டோ அகதி ஆவணமோ வைத்திருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதும் உதவாது. தடை சொந்த நாட்டில் மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். ஜெர்மன் குடிமகன் ஸ்பெயினில் பிடிபட்டால், 'என் குடிமகன்' என்ற காரணத்தை ஸ்பெயின் சொல்ல முடியாது.

தடை வந்தால் வழக்கு செத்துவிடாது. மறுக்கும் நாடு, கேட்ட நாட்டின் கருத்தையும் கேட்டு, தானே வழக்குத் தொடரலாமா என்று பரிசீலிக்க வேண்டும். எனவே பிரிட்டிஷ் தரப்பு பிடியாணைக்குப் பதில் சாட்சியக் கோப்பை மொழிபெயர்த்து அனுப்பத் தயாராக வேண்டும். ஹேக் நகரில், ஒன்றிய நாடுகளின் வழக்குரைஞர்களை இணைக்கும் அமைப்பான யூரோஜஸ்ட்டில் பிரிட்டனின் தொடர்பு வழக்குரைஞர் இருக்கிறார். இந்தப் பேச்சு அவர் வழியாகப் போனால் எளிது. பாதிக்கப்பட்டவரிடம் வழக்கு வேறு நாட்டில் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள். சாட்சி சொல்ல மறுப்பவர்கள் பலர் கடைசி நேரத்தில் கேள்விப்பட்டவர்கள்தான்.

பிடியாணையை எழுதுவது

தேடப்படுபவர் விசாரணைக்கு வேண்டியவர் என்றால், குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனை குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும். ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்றால் விதித்த தண்டனை குறைந்தது 4 மாதம். இரண்டையும் குழப்பி நிரப்பிய படிவங்கள் திரும்பி வருகின்றன.

பழைய முறையில் 32 வகைக் குற்றங்களுக்கு 'எங்கள் நாட்டிலும் இது குற்றமா?' என்ற கேள்வி எழாது, பெட்டியில் ஒரு டிக் போதும். இப்போது இரு தரப்பும் அறிவித்தால்தான் அந்தச் சலுகை. அந்த டிக்கை நம்பாதீர்கள். செயலை விவரித்து எழுதுங்கள். 'மோசடி' என்று சட்டப் பிரிவின் பெயரை எழுதினால் போதாது. யார், எந்த நாளில், எந்த ஊரில், எந்தப் பொய்யைச் சொல்லி, யாரிடமிருந்து எவ்வளவு பெற்றார், அதில் இவர் பங்கு என்ன என்று வர வேண்டும். மறுபக்க நீதிபதி அந்த விவரிப்பை எடுத்துத் தன் நாட்டுச் சட்டத்தில் பொருத்திப் பார்ப்பார். விவரம் இல்லாவிட்டால் பொருத்த எதுவும் இருக்காது.

ஆள் இல்லாமலேயே தண்டனை விதிக்கப்பட்டதா என்ற கட்டத்தில் இன்னும் கவனம் தேவை. சம்மன் நேரில் கொடுத்ததா, வீட்டில் வேறு யாரோ வாங்கினார்களா, வக்கீலை அவரே நியமித்தாரா, மறுவிசாரணை உரிமை இருக்கிறதா என்பதை ஆவணத்தில் இருப்பதைப் பார்த்தே நிரப்ப வேண்டும். ஊகித்து நிரப்பினால், பின்னால் கேட்கும் விளக்கத்திலேயே மாதங்கள் போகும்.

இங்கிலாந்திலிருந்து வெளியே போகும் பிடியாணைக்கு உள்நாட்டுப் பிடியாணை ஒன்று ஏற்கெனவே இருக்க வேண்டும். அதன் மேல் மாவட்ட நீதிபதியிடம் விண்ணப்பம். பிறகு பெறும் நாடு ஏற்கும் மொழியில் மொழிபெயர்ப்பு, தேசியக் குற்றத் தடுப்பு அமைப்பான நேஷனல் கிரைம் ஏஜென்சி வழியாக அனுப்புதல். ஸ்காட்லாந்தில் அங்குள்ள அரசு வழக்குத் துறையான கிரவுன் ஆபீஸ் வழியாக. அளவுக்கு மீறாமை என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்ட கோட்பாடு. கடையில் திருடிய ஒரு ஜாக்கெட்டுக்காக ஆளைக் கேட்டால், அதைக் காட்டியே மறுப்பு வரும்.

எல்லையில் மணி அடிக்குமா?

வெளியே தெரியாத ஓட்டை இதுதான். ஒன்றியத்துக்குள் இருந்தபோது போலந்து ஒருவரைத் தேடினால் ஷெங்கன் தகவல் அமைப்பில் ஒரு முறை பதிந்தால் போதும். லண்டனில் ரோந்துக் காவலர் வண்டியை நிறுத்திப் பெயரைத் தட்டினாலே திரையில் வரும். இடைக்காலம் முடிந்த அந்த இரவோடு பிரிட்டன் அதிலிருந்து வெளியேறியது. இப்போது இன்டர்போல் வழிதான். உறுப்பு நாட்டுக் காவல்துறை ஷெங்கனில் பதிந்துவிட்டு, அதையே இன்டர்போலிலும் தனியாகப் பதிய வேண்டும். இரட்டை வேலை. செய்யாத நாட்டின் பிடியாணை பிரிட்டிஷ் எல்லைக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே பிடியாணை கையெழுத்தானதோடு நிறுத்தாதீர்கள். இருக்குமிடம் தெரிந்தால் நேராக அந்த நாட்டு அதிகாரிக்கு அனுப்பலாம், அதுவே விரைவு. தெரியாவிட்டால் இன்டர்போலில் பதிவு ஏறியதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்றிய நாடு தேடும் ஒருவரை இங்கிலாந்தில் கைது செய்ய, தேடப்படுபவரைப் பற்றிய இன்டர்போலின் சிவப்பு அறிவிப்பு மட்டும் கையில் இருந்தால் போதாது. நேஷனல் கிரைம் ஏஜென்சி சான்றளித்த பிடியாணை வேண்டும். அல்லது, அப்படியொன்று பிறப்பிக்கப்பட்டது, அல்லது பிறப்பிக்கப்படும், என நம்பக் காரணம் இருந்து செய்யும் தற்காலிகக் கைதாக இருக்க வேண்டும். இதில் 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தி, பிடியாணையையும் சான்றையும் காட்ட வேண்டும். நீதிபதி இன்னொரு 48 மணி நேரம் தரலாம். வெள்ளிக்கிழமை மாலை கைது செய்துவிட்டு, மறுபக்க அலுவலகம் திங்கள்வரை திறக்காது என்று கண்டுபிடிப்பது பழைய கதை.

தேடப்படுபவரின் பக்கம் நிற்பவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 'ஹீத்ரோவில் நிறுத்தவில்லை, ஆகவே வழக்கு இல்லை' என்று குடும்பம் சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே நிற்காதது டப்ளினில் நிற்கலாம்.

இங்கிலாந்தில் கைதானால் ஓடும் கடிகாரம்

இங்கிலாந்து, வேல்ஸ் வழக்குகள் எல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வரும். ஸ்காட்லாந்துக்கு எடின்பரோ. கேட்கும் நாட்டின் சார்பில் அரசு வழக்குத் துறையான கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸ் நிற்கும். முதல் நாளில் மூன்று விஷயங்கள்: இவர்தான் அந்த ஆளா, சம்மதமா, ஜாமீன் உண்டா.

சம்மதம் எழுத்தில் தர வேண்டும்; தந்தால் திரும்பப் பெற முடியாது. இதை மொழிபெயர்ப்பாளர் அழுத்திச் சொல்லாமல் விட்டால் அந்தத் தவறைத் திருத்த வழியே இல்லை. அதோடு கலந்துவிடக் கூடாத இன்னொன்று: எந்தக் குற்றத்துக்குக் கேட்டார்களோ அதற்கு மட்டும் விசாரிக்க வேண்டும் என்ற பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது தனிக் கேள்வி. போகச் சம்மதித்தவர் இதையும் விட்டுக்கொடுத்தார் என்று ஆகாது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு ஒரே 'ஓம்' வாங்குவது ஆபத்து.

ஜாமீனில், தண்டனை பெற்றவரையும் விசாரணைக்கு வேண்டியவரையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஜாமீன் கொடுப்பதே இயல்பு என்ற அனுமானம் இரண்டாமவருக்குத்தான். யாருக்கானாலும் முகவரி, கட்டக்கூடிய பிணைத்தொகை, கடவுச்சீட்டு ஆகியவற்றை முதல் நாளே கொண்டுவாருங்கள்.

கைதிலிருந்து 21 நாளுக்குள் முழு விசாரணைத் தேதி வர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தள்ளிப்போகும். ஒப்பந்தத்தின் கணக்கு வேறு: சம்மதித்தால் 10 நாளில் முடிவு, இல்லாவிட்டால் கைதிலிருந்து 60 நாள், அதற்குமேல் 30 நாள் நீட்டிப்பு. தாண்டினால் ஆளை விட்டுவிடுவார்கள் என்று பொருள் அல்ல. குடும்பத்திடம் அப்படிச் சொல்லிவைக்காதீர்கள்.

உண்மையில் கழுத்தில் கத்தி வைப்பது மேல்முறையீட்டுக் காலம்தான். 7 நாள். ஒப்படைக்க உத்தரவிட்ட அந்த நாளே முதல் நாளாக எண்ணப்படும். உயர் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். ஆகவே தீர்ப்பைக் கேட்டபின் காரணம் தேடக் கூடாது. மனுவின் வரைவு விசாரணைக்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டும். முடிவு இறுதியான பின் 10 நாளில் ஆளைக் கொண்டுபோக வேண்டும்.

தடுப்புக் காவலில் கழித்த ஒவ்வொரு நாளும் பின்னால் தண்டனையில் கழியும். நாள் கணக்கை எழுத்தில், ஆளோடு சேர்த்து அனுப்பக் கேளுங்கள். கணக்கு கூட வராமல் போய், அங்கே சிறையில் கூடுதலாக இருப்பது நடக்கிறது.

இலங்கையிலிருந்து தப்பிவந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'பிரான்ஸிடம் கொடுத்தால், அவர்கள் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்களா?' ஒப்படைத்த நாட்டின் சம்மதம் இல்லாமல் மூன்றாம் நாட்டிடம் ஒப்படைக்க முடியாது. ஆனால் இந்தத் தடை குற்ற வழக்கு ஒப்படைப்புக்குத்தான். குடிவரவுத் துறை திருப்பி அனுப்புவது வேறு பாதை, அதற்கு வேறு வாதம் வேண்டும். 'நாடு கடத்தல்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லியிருந்தால் இந்தப் பதிலை அவருக்குப் புரியவைக்கவே முடியாது.

நம்பிக்கை இப்போது இலவசம் இல்லை

உறுப்பு நாடுகள் ஒன்றையொன்று நம்பித் தொடங்குகின்றன. பிரிட்டன் இப்போது அந்த வட்டத்தில் இல்லை. வட அயர்லாந்து அனுப்பிய பிடியாணைகள் தொடர்பான வழக்கில், 2024 ஜூலை 29 அன்று ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரோல் விதிகள் பின்னால் கடுமையாக்கப்பட்டது, குற்றம் நடந்தபோது இருந்ததைவிடக் கூடுதல் தண்டனை ஆகிவிடுமா என்பதே கேள்வி. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கெனவே சரியென்று சொல்லியிருந்தாலும், ஒப்படைக்கும் நீதிபதி தானே ஆராய வேண்டும், தேவையானால் கூடுதல் தகவலும் உறுதிமொழியும் கேட்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதற்கு ஓராண்டு முன்னர், 2023இல், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ உயர் மண்டல நீதிமன்றம் அல்பேனியர் ஒருவரைப் பிரிட்டனிடம் கொடுக்க மறுத்தது. பிரிட்டிஷ் சிறைகளின் நெரிசல் குறித்துக் கேட்ட உறுதிமொழிக்குப் போதிய பதில் வரவில்லை.

ஆகவே உறுதிமொழியை வரையும்போது 'எங்கள் சிறைகள் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்கு இணங்கியவை' என்ற பொதுவாக்கியம் வேண்டாம். எந்தச் சிறை, பலர் இருக்கும் அறையில் ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர், நாளில் எத்தனை மணி நேரம் அறைக்கு வெளியே, மருத்துவ வசதி என்ன என்று எழுதுங்கள். ஸ்ட்ராஸ்பர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016இல் முர்சிச் வழக்கில் வைத்த கோடு 3 சதுர மீட்டர், கழிப்பறை இடத்தைக் கழித்து. முதலில் தள்ளும் சிறை ஒன்று, பிறகு மாற்றும் சிறை இன்னொன்று என்றால் இரண்டுக்கும் எழுத வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் பார்ப்பதும் இதையேதான்: ஆயுள் தண்டனைக்கு 20 ஆண்டுக்குள் மறுபரிசீலனை உண்டா என்பது உட்பட. பதிலுக்கு வைத்த கெடு தவறினால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாட்சியமும் பெயரும்

ஒன்றிய நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று சாட்சியம் பெறும் ஐரோப்பிய விசாரணை உத்தரவு பிரிட்டனுக்கு இப்போது இல்லை. ஒன்றியத்தின் அங்கமல்லாத ஐரோப்பிய கவுன்சிலின் 1959ஆம் ஆண்டுப் பரஸ்பர உதவி உடன்படிக்கைக்குத் திரும்பியிருக்கிறார்கள், ஒப்பந்தத்தின் துணை விதிகளோடு. கோரிக்கை கிடைத்த 45 நாளுக்குள் செய்வதா இல்லையா என்ற முடிவு, பிறகு 90 நாளுக்குள் செய்து முடித்தல். இங்கிலாந்துக்கு வரும் கோரிக்கைகள் உள்துறையின் மத்திய அதிகாரியிடம் போகும். 'இவருடைய எல்லா வங்கிக் கணக்குகளும்' என்று வலை வீசினால் திரும்பி வரும். வங்கி, கணக்கு எண், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, அது வழக்கில் எதை நிரூபிக்கும் என்று எழுதுங்கள். 'அவசரம்' என்று மேலே எழுதினால் அவசரம் ஆகாது. விசாரணைத் தேதியையோ காவல் முடியும் நாளையோ குறிப்பிட்டால் ஆகும்.

முந்தைய குற்றப் பதிவு வேண்டும் என்றால் பிரிட்டனில் ஏக்ரோ அலுவலகம். பதில் 20 வேலை நாளுக்குள். இங்கே தமிழ்ப் பெயர்தான் பெரிய தலைவலி. தகப்பன் பெயர் முன்னால் வரும் நமக்குக் குடும்பப் பெயர் என்ற கட்டம் பொருந்தாது. ஒரு நாட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர் ஆகிறது, இன்னொரு நாட்டில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிறது. 'ராசா' என்பதை ஒரு இடத்தில் ஜே போட்டும் மறு இடத்தில் எஸ் போட்டும் எழுதுகிறார்கள். பிறந்த தேதி தெரியாதவருக்கு ஜனவரி 1 என்று ஓர் அலுவலர் பதிந்தது பத்தாண்டு கழித்து வேறொருவரோடு பொருந்திவிடும். கோரிக்கையில் இனிஷியலை விரித்து எழுதுங்கள், எல்லா எழுத்து வடிவங்களையும் தனித்தனியே தாருங்கள், பிறந்த ஊர் சேருங்கள், கைரேகை இருந்தால் கட்டாயம் இணையுங்கள். பெயர் மட்டும் பொருந்துகிறது என்று யாராவது வந்தால், கைரேகை ஒப்பீடு இல்லாமல் 'இவர்தான்' என்று ஒத்துக்கொள்ள வேண்டாம்.

டிஎன்ஏ, கைரேகை ஒப்பீட்டுக்கான பிரும் வலை பிரிட்டனுக்கு இன்னும் திறந்திருக்கிறது. முதலில் பொருந்துகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஆள் யார் என்பதற்குத் தனிக் கோரிக்கை வேண்டும். அதைப் போடாமல் பொருத்தத்தைக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துபோவது உண்டு.

நீண்டகாலம் இழுக்கும் வழக்குகளில் கவனிக்க வேண்டியது 692ஆம் விதி. மூன்றாம் பகுதியை எந்தத் தரப்பும் அறிவித்து முடிக்கலாம். அறிவித்ததிலிருந்து ஒன்பதாம் மாதத்தின் முதல் நாள் அது முடியும். பிரிட்டன் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து விலகி, அதையே காரணமாகக் காட்டி அறிவித்தால் இந்த ஒன்பது மாதம் கிடைக்காது. விலகல் நடப்புக்கு வரும் நாளிலேயே இதுவும் போகும். அந்த உடன்படிக்கையில் விலகலுக்கு முன்னறிவிப்பு ஆறு மாதம். லண்டனில் அரசியல்வாதிகள் அந்தப் பேச்சை எடுக்கும் ஒவ்வொரு முறையும், கோப்பில் நிலுவையிலுள்ள ஒப்படைப்புகளின் தேதிகளை இந்த ஆறு மாதக் கணக்கோடு ஒப்பிட்டு வையுங்கள்.